ஓட்டத்துக்கு நாள் குறிப்பது யார்? ஊவா மலைகளும் மரதன் நாட்காட்டியும்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா என்றால் இலங்கையின் எந்த ஊரிலும் காலையில் முதலில் நடப்பது மரதன் ஓட்டம்தான். சாக்கு ஓட்டமும் கயிறிழுத்தலும் வழுக்குமரமும் பிறகு வரும். விடிந்தும் விடியாததுமாக இளைஞர்கள் சந்தியில் கூடுவார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர் கொடியசைப்பார். அந்த ஓட்டத்துக்கு யாரும் நாள் தேடுவதில்லை. ஏப்ரல் மாதமே அதைக் கொடுத்துவிடுகிறது.

2008 ஏப்ரல் 6ஆம் திகதி கம்பஹா மாவட்டத்தின் வெலிவேரியவில் அப்படியொரு புத்தாண்டு மரதன் ஆரம்பமாகவிருந்த இடத்தில் தற்கொலைக் குண்டு வெடித்தது. ஓட்டத்தைத் தொடக்கி வைக்க வந்திருந்த அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளே கொல்லப்பட்டார். முன்னாள் ஒலிம்பிக் மரதன் வீரர் கே. ஏ. கருணாரத்னவும் தேசிய மெய்வல்லுநர் பயிற்றுநர் லக்ஷ்மன் டி அல்விஸும் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அரசாங்கம் விடுதலைப் புலிகளைக் குற்றஞ்சாட்டியது. ஓட வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும் அங்கே செத்துக் கிடந்தார்கள். புத்தாண்டு ஓட்டம் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாளின் ஆபத்தும் அதில்தான் இருந்தது.

யுத்தம் முடிந்த பின் ஓட்டப்போட்டிகளுக்கான ஆர்வம் இங்கும் வளர்ந்திருக்கிறது. கண்டி ஹந்தானையிலிருந்து ஹப்புத்தளை, எல்ல ஊடாக நுவரெலியா வரை, பெரும்பாலும் பழைய தோட்டப் பாதைகளைத் தொடுத்து, 22 கட்டங்களில் 300 கிலோமீட்டர் நீளமான பீக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை அடையாளமிடப்பட்டுள்ளது. கொழுந்து மூட்டை சுமந்தவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதையில் இன்று உல்லாசப் பயணிகள் நடக்கிறார்கள். அடுத்தபடியாக அங்கே ஓட்டப்போட்டி வைக்கும் எண்ணம் பலருக்கு வருவது இயல்பே. அப்படி பதுளையை மையமாக வைத்து ஒரு மரதன் நடத்துவதென்றால் அதை எந்த நாளில் வைப்பது?

இது விளையாட்டுக்காரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் சின்ன விடயம் என்று தோன்றலாம். ஆனால் குறித்த நாள் யாருக்குப் பொருந்துகிறதோ அவர்கள்தான் ஓடுவார்கள். ஆகவே உலகெங்கும் இந்த நாள் எப்படிக் குறிக்கப்படுகிறது, அதே முறையை ஊவாவில் வைத்தால் யார் விடுபடுவார்கள் என்பதைப் பார்ப்போம்.

முதல் கணக்கு: வெப்பம்

மரதன் என்பது 42.195 கிலோமீட்டர். வேகமான வீரர்கள் இரண்டு மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டி முடிப்பார்கள். சாதாரணமானவர்கள் நான்கு, ஐந்து, ஆறு மணித்தியாலம் எடுப்பார்கள். அவ்வளவு நேரம் உடல் உண்டாக்கும் சூட்டை வியர்வைதான் வெளியேற்ற வேண்டும். பாரிஸ், லண்டன், பெர்லின், பொஸ்டன், சிக்காகோ, நியூயோர்க் ஆகிய ஆறு நகர மரதன்களின் பத்தாண்டுத் தரவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வொன்று, காலநிலைக் காரணிகளில் ஓட்ட நேரத்தை அதிகம் பாதிப்பது வெப்பநிலையே எனக் கண்டது. பத்து பாகை செல்சியஸை அண்டிய குளிரே ஓடுபவர்களுக்கு உகந்தது.

இந்தக் கணக்குப் பிழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. 2007 ஒக்டோபரில் சிக்காகோ மரதன் எதிர்பாராத வெக்கையால் நடுவழியில் நிறுத்தப்பட்டது. 2019இல் டோஹாவில் நடந்த உலகப் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவில் வைத்தும் பயன் கிடைக்கவில்லை. ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தனர். குளிரும் கொல்லும். 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் பனிக்காற்றும் தாக்கி 21 பேர் உயிரிழந்தனர். மலையில் ஓட்டம் வைக்க நினைப்பவர்கள் மறக்கக்கூடாத சம்பவம் இது.

டெல்லியில் பிரச்சினை காற்றிலேயே இருந்தது. அங்கே அரை மரதன் நவம்பரில் நடந்துவந்தது. வைக்கோல் எரிக்கும் புகையும் பனிமூட்டமும் சேரும் மாதம் அது. 2017இல் போட்டியைத் தள்ளிவைக்கும்படி மருத்துவர் சங்கம் வலியுறுத்தியது. அந்த ஆண்டு ஓட்டம் நடந்தேறியது. அடுத்த ஆண்டு ஒக்டோபருக்கு மாறியது. நிலைத்துவிட்ட ஒரு திகதியை அசைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. அசைவதற்கு யாராவது உரத்துப் பேச வேண்டியிருந்தது.

இரண்டாவது கணக்கு: நெரிசல்

ஒரு முழு மரதனுக்கு நான்கு மாதம் அளவில் பயிற்சி தேவை. ஓடி முடித்த பின் உடல் தேறவும் வாரங்கள் ஆகும். எனவே பெரும்பாலானோர் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மரதன்தான் ஓடுவார்கள். இரண்டு போட்டிகள் சில வார இடைவெளியில் வந்தால் ஒரே ஆட்களுக்காக இரண்டும் இழுபறிப்படும்.

இதனால் பெரிய போட்டிகள் தமக்கென்று ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுதோறும் அதை விடுவதில்லை. பெர்லினுக்கு செப்டெம்பர் பிற்பகுதி ஞாயிறு. சிக்காகோவுக்கு ஒக்டோபர் இரண்டாம் ஞாயிறு. நியூயோர்க்குக்கு நவம்பர் முதல் ஞாயிறு. மும்பைக்கு ஜனவரி மூன்றாம் ஞாயிறு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் பொங்கலுக்கு முன்னான ஜனவரி நாட்களைச் சென்னை மரதன் எடுத்துக்கொண்டது. சிறிய போட்டிகள் இவற்றின் இடுக்குகளில்தான் நுழைய வேண்டும். கெட்டிக்கார அமைப்பாளர்கள் பெரிய மரதனுக்கு நான்கைந்து வாரம் முன்னதாக ஓர் அரை மரதனை வைப்பார்கள். பெரிய ஓட்டத்துக்குத் தயாராகிறவர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்க அங்கே வருவார்கள்.

நெரிசல் ஓடுபவர்களோடு நிற்பதில்லை. நேரம் பதியும் கருவிகள், நடுவர்கள், அம்புலன்ஸ்கள், வீதியை மறிக்கும் பொலிஸார், தங்குமிடங்கள் எல்லாம் ஒரே நாளில் இரண்டு இடத்துக்குக் கிடைக்காது. இலங்கையில் முன்னணி ஓட்ட வீரர்கள் பலர் முப்படைகளினதும் பொலிஸினதும் விளையாட்டுக் கழகங்களைச் சேர்ந்தவர்கள். தேசிய விளையாட்டு விழா, தேசிய மெய்வல்லுநர் போட்டி ஆகியவற்றின் திகதிகளோடு மோதினால் அவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள்.

ஊவாவில் மழை வேறு கதை

கொழும்பின் மழைக்காலத்தை வைத்துப் பதுளைக்கு நாள் குறித்தால் பிழைக்கும். தென்மேல் பருவமழை மே, ஜூனில் மேற்கு மலைச்சரிவுகளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டும்போது காய்ந்த காற்றாகத்தான் ஊவாவுக்குள் இறங்குகிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்லும் காற்றின் மலைப் பக்கம் இது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை பதுளைப் பக்கம் வரட்சி. ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில் பறிக்கப்படும் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு இருப்பதற்கும் இந்தக் காய்ந்த காற்றே காரணம்.

மாறாக ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை இங்கே கனமழை. மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. பெப்ரவரி ஓரளவு காய்ந்த, குளிர்ந்த மாதம். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்திலும் பண்டாரவளை 1,200 மீட்டருக்கு மேலும் ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலும் இருப்பதால் விடிகாலையில் வெக்கைப் பயம் குறைவு. இங்கே பயப்பட வேண்டியது மண்சரிவுக்குத்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. புதைந்தவர்களில் பலரது உடல்கள் கிடைக்கவேயில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்றானது; வீதிகளும் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும் மாதங்களில், அம்புலன்ஸ்களையும் பொலிஸாரையும் ஓட்டத்துக்காக இழுத்துவைப்பது நியாயமாகாது.

காலநிலையை மட்டும் பார்த்தால் விடை இலகுவாகக் கிடைக்கிறது. பெப்ரவரி, அல்லது ஜூன் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை. வெளியிலிருந்து வரும் அமைப்பாளர் ஒருவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, போயா தினங்களையும் நீண்ட விடுமுறை வார இறுதிகளையும் பார்த்துவிட்டு, எல்லவில் அறைகள் கிடைக்கும் ஒரு ஞாயிறைக் குறித்துவிடுவார். பாதையின் இருபுறமும் வாழ்பவர்களின் நாட்காட்டி அவர் கையில் இருக்காது.

தோட்டத்தின் நாட்காட்டி

தோட்டத்தில் ஞாயிறு ஓய்வு நாள். ஆனால் கொழுந்து அதிகமான காலத்தில் ஞாயிறன்றும் கிலோ கணக்கில் காசுக்குப் பறிக்கப் போகிறவர்கள் உண்டு. 2024 செப்டெம்பரில்தான் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாயாக்கப்பட்டது. அதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மாதச் சம்பளம் கைக்கு வருவது 10ஆம் திகதியளவில். அதற்கு முந்திய வாரத்தில் கடையில் கடன் ஏறியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு கொழும்பு அலுவலர் ஒருவருக்குச் சம்பளம் எடுத்த கையோடு வரும் ஞாயிறு. தோட்டத்துப் பிள்ளைக்கு அது பஸ் காசுக்குக் கூட வீட்டில் கேட்க முடியாத ஞாயிறு. திகதி ஒரு வாரம் தள்ளினால் நிலைமை மாறும்.

பிறகு திருவிழாக்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் கோயில் திருவிழா தையிலிருந்து வைகாசிக்குள் ஏதோவொரு வாரத்தில் வரும். மாசியில் காமன் கூத்து. இரவிரவாகத் தப்பு அடித்து ஆடிவிட்டு எந்த இளைஞன் விடிகாலை ஐந்தரைக்கு ஓட்டத்துக்கு வந்து நிற்பான்? ஆடியில் கதிர்காம உற்சவம். கதிர்காமம் ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில்தான் இருக்கிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக நடந்துவரும் அடியார்களின் பாதயாத்திரை முடிவதும் இங்கேதான். ஊவாவுக்கு வரும் மிகப் பழைய நெடுந்தூரப் பயணம் அது. அதன் நாளைக் கொடியேற்றம் குறிக்கும். அதில் நாம் கைவைக்க முடியாது.

பரீட்சைகள் இன்னொரு சிக்கல். உயர்தரப் பரீட்சை அண்மைய ஆண்டுகளில் நவம்பர், டிசம்பரில் நடந்தது. சாதாரண தரப் பரீட்சையின் மாதம் கொவிட் தொற்றுக்குப் பின் நிலையாக இருக்கவில்லை. மலையகத்தின் ஓட்டத் திறமை வெளியே வருவது பாடசாலைகளின் ஊடாகத்தான். குமார் சண்முகேஸ்வரன், விக்னராஜ் வக்சன் போன்ற மலையகத் தமிழ் இளைஞர்கள் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் தேசிய மட்டத்தில் முன்னணிக்கு வந்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில் இருக்கும் வாரத்தில் அவர்களது ஊரிலேயே மரதன் வைப்பதில் என்ன பயன்?

ஆரம்ப நேரமும் திகதியின் ஒரு பகுதிதான். பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களிலிருந்து முதல் பஸ் பதுளைக்கு வந்து சேருமுன் ஓட்டம் தொடங்கிவிட்டால், நகரத்தில் அறை எடுக்கக்கூடியவர்களே ஓடுவார்கள். முதல் நாள் இரவு ஒரு பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிட முடியுமா என்பதையும் நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டும்.

நினைவு நாட்கள்

நாட்காட்டியில் அச்சிடப்படாத நாட்களும் உண்டு. இதில் தென்னாபிரிக்காவின் அனுபவம் எமக்குப் பாடம்.

டேர்பனுக்கும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் கொம்ரேட்ஸ் மரதன், முதலாம் உலக யுத்தத்தில் இறந்த வீரர்களின் நினைவாக 1921 மே 24இல் தொடங்கப்பட்டது. கறுப்பினத்தவர்களும் பெண்களும் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டது 1975இல்தான். பல ஆண்டுகளாக அது நிறவெறி அரசின் குடியரசு தினமான மே 31இல் ஓடப்பட்டது. 1981இல் அந்தக் குடியரசின் இருபதாண்டு நிறைவுக் கொண்டாட்டத்தோடு ஓட்டம் இணைக்கப்பட்டபோது, புரூஸ் ஃபோர்டைஸ் உள்ளிட்ட சில வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டி ஓடினார்கள். ஃபோர்டைஸ்தான் அன்று வென்றார்.

நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் குடியரசு தினம் விடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது. ஓட்டம் ஜூன் 16க்கு மாறியது. அது 1976இல் சொவெட்டோவில் மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டதை நினைவுகூரும் இளைஞர் தினம். பொது விடுமுறை என்பதால் அமைப்பாளர்களுக்கு வசதி. ஆனால் ஓட்டத்தின் ஆரவாரத்தில் அந்த நாளின் அர்த்தம் அமுங்கிப்போகிறது என்று ஆளுங்கட்சியின் இளைஞர் அணி எதிர்த்தது. 2007இல் போட்டி ஜூன் 17க்குத் தள்ளப்பட்டது. ஒரே ஒரு நாள்தான் தள்ளியது. அரசியல் அழுத்தத்துக்குப் பணிந்தார்கள் என்ற விமர்சனமும் வந்தது. என்றாலும் அந்த ஒரு நாளுக்காக ஒரு நாடே விவாதித்தது.

ஊவாவுக்கு வருவோம். 1983 ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. காலநிலை சொல்லும் நல்ல மாதங்களில் ஜூலையும் ஒன்று. அந்த மாதத்தின் கடைசி ஞாயிறில், அதே நகர வீதிகளில் மேளதாளத்தோடு ஓட்டம் வைத்தால், அந்தத் தெருவை விட்டு ஓடியவர்களுக்கு அது எப்படி இருக்கும்?

2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளை பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் கும்பலொன்றால் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். பொலிஸார் அங்கே இருந்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு ஒக்டோபர் கடைசி வாரத்தில் பண்டாரவளை என்ற பெயரே போதும். நான்கு நாள் தள்ளி, அதே வாரத்தில், மீரியபெத்தையின் நினைவு நாள் வருகிறது.

மே 18ஐயும் நவம்பர் 27ஐயும் வடகிழக்கின் நாட்கள் என்று மட்டும் எண்ணுவதும் தவறு. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். வன்னியில் கடைசி யுத்தத்தில் சிக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் இழந்த உறவுகளுக்காக விளக்கேற்றும் வீடுகள் ஊவாவிலும் உண்டு. 2019இன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் உயிர்த்த ஞாயிறும் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அது ஆண்டுதோறும் திகதி மாறும் நாள் என்பதால் இன்னும் கவனம் தேவை.

சுதந்திர தின மரதன் என்ற பெயரில் பெப்ரவரி 4ஐத் தேர்வது அமைப்பாளர்களுக்கு வசதியாகத் தெரியலாம். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் அந்த ஓட்டத்துக்கு அழைக்கப்போகிறோம் என்பதை அவர்கள் யோசிக்க வேண்டும்.

மிஞ்சுவது எது?

இத்தனை நாட்களையும் கழித்தால் ஆண்டில் நாளே மிஞ்சாதே என்று கேட்கலாம். மிஞ்சும். பெப்ரவரியில் சம்பளத்துக்குப் பின்வரும் ஞாயிறு, அதாவது 11க்கும் 17க்கும் இடைப்பட்ட ஞாயிறு, பல ஆண்டுகளில் ஒத்துவரும். மழை குறைவு, காமன் கூத்து பெரும்பாலும் தொடங்கியிராது, சென்னை, மும்பை ஓட்டங்கள் முடிந்து சில வாரம் கடந்திருக்கும். ஆனாலும் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். 2026இல் அந்த ஞாயிறு, பெப்ரவரி 15, மகா சிவராத்திரி. இரவு முழுதும் விழித்திருக்கும் நாளில் ஓட்டம் ஒத்துவராது. அப்படியான ஆண்டில் ஒரு வாரம் தள்ளலாம். இரண்டாவது வாய்ப்பு ஜூன் பிற்பகுதி. ஜூலை இறுதி வாரத்தையும் கதிர்காம உற்சவத்தையும் விட்டுவிட்டால் ஓகஸ்ட் கடைசி ஞாயிறுகளும் கிடைக்கும். காற்று பலமாக இருக்கும், அவ்வளவுதான்.

எந்த நாளைக் குறித்தாலும் ஒரு மாற்று நாளையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். எந்த நிற எச்சரிக்கை வந்தால் ஓட்டம் நிற்கும், அதை யார் அறிவிப்பார், கட்டிய பணம் என்னவாகும் என்பவை முதல் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். புயல் வந்த பிறகு கூடிப் பேச நேரமிருக்காது.

நாள் குறிக்கும் கூட்டத்துக்கு இப்போது வழமையாக வருபவர்கள் பொலிஸார், வீதி அபிவிருத்தி அதிகார சபை, உல்லாச விடுதிக்காரர்கள், அனுசரணை நிறுவனங்கள். தோட்டப் பாதையில் ஓட வேண்டுமென்றால் தோட்டத் துரையின் அனுமதியும் கேட்கப்படும். அதே மேசையில் தோட்டத் தலைவர்மார், கோயில் நிர்வாக சபையினர், தமிழ்ப் பாடசாலை அதிபர்கள், கொழுந்து எடுக்கும் பெண்களின் சார்பில் ஒருவர், பிந்துனுவெவவிலும் மீரியபெத்தையிலும் உறவுகளை இழந்த குடும்பங்கள் ஆகியோருக்கும் நாற்காலி போட வேண்டும். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு எந்த நாட்கள் வேண்டாம்?

பதில்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த ஆண்டுக்கும் பத்திரப்படுத்தி வைத்தால் போதும். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதி ஊவாவையும் மட்டக்களப்பையும் இணைக்கிறது. அந்த வீதியில் ஒரு ஞாயிறு காலை, தோட்டத்துப் பிள்ளைகளும் படுவான்கரையிலிருந்து வந்த பிள்ளைகளும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஓட முடியும். எந்த ஞாயிறு என்பதை அவர்களது பெற்றோரிடம் கேட்டுக் குறித்திருக்க வேண்டும்.